காற்றைக் கேட்டு நாள் குறியுங்கள்: வன்னிக் கரைக்கு விடுமுறையில் வருவோருக்கு

வன்னிக்கு விடுமுறையில் வர நினைக்கிறோம், எந்த விடுதியில் அறை எடுக்கலாம் என்ற கேள்வியோடுதான் ரொறன்ரோவிலும் லண்டனிலும் கொழும்பிலும் இருக்கின்ற என் உறவினர்கள் பேச்சைத் தொடங்குவார்கள். எந்த மாதம் வருகிறீர்கள், கிழக்குக் கரைக்கா மேற்குக் கரைக்கா என்று நான் திருப்பிக் கேட்பேன். இலங்கையின் வடக்கே, வன்னிப் பகுதியின் முல்லைத்தீவு மாவட்டத்தில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்து, ஓய்வுபெற்ற பின்னரும் முள்ளியவளையிலேயே வாழ்கின்றவள் என்ற உரிமையில், இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே மற்றவற்றைப் பேச இடங்கொடுப்பேன். இங்கே கடலும் குளமும் வயலும் காடும் காற்றின் கணக்கில்தான் இயங்குகின்றன. பாடசாலை விடுமுறையையும் விமானச் சீட்டின் விலையையும் மட்டும் பார்த்து நாள் குறித்தவர்கள், வீதியில் வெள்ளம் நின்றதாலோ கடலில் கால் நனைக்க முடியாததாலோ, ஒரு பகல் மட்டும் இருந்துவிட்டு யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டுப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். யாழ்ப்பாணம் போகின்ற ஏ9 வீதியில் தேநீர் குடிக்க நிற்கும் இடமாக மட்டும் வன்னியை அறிந்தவர்கள், இங்கே சில இரவுகள் தங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

வன்னிக்கு இரண்டு கரைகள் உள்ளன. கிழக்கே சுண்டிக்குளத்தில் தொடங்கி, சாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல், முல்லைத்தீவு நகரம், சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு வழியாகக் கொக்கிளாய் வரை இறங்கும் கரை ஒன்று. மேற்கே பூநகரியிலிருந்து நாச்சிக்குடா, விடத்தல்தீவு, மன்னார், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என்று நீளும் கரை மற்றொன்று. இடையில் காடும் குளங்களும் வயல்வெளிகளும் கிடக்கின்றன. வரைபடத்தில் இரண்டு கரைகளும் அருகருகே இருப்பது போலத் தோன்றும். பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால், ஒரு பகலின் பெரும்பகுதி வாகனத்திலேயே கழிந்துவிடும். ஆகவே ஒரு விடுமுறைக்கு ஒரு கரையைத் தெரிவு செய்யுங்கள் என்று சொல்வேன். இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடியவர்கள் இரண்டிலும் வீதியைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

எந்தக் கரை என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு வடகீழ்ப் பருவமழை வருகிறது. வன்னியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் கொட்டித் தீர்க்கிறது. அப்போது முல்லைத்தீவுக் கடல் கரையை அறைந்துகொண்டே இருக்கும், சிறு படகுகள் மேட்டில் ஏற்றப்பட்டிருக்கும், வங்கக் கடலில் தாழமுக்கம் உருவானதென்றால் நாட்கணக்கில் எவரும் தொழிலுக்கு இறங்குவதில்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசுகின்ற சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து வருவதால், கிழக்குக் கரையில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் தங்கள் கடல் கொந்தளிக்கின்ற இந்தக் காலத்தில்தான் நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வந்து வாடி என்கின்ற கரையோரக் குடில் அமைத்துத் தொழில் செய்கிறார்கள். அதனால் கரைத்தொழிலின் உரிமை பற்றி நம் ஊர் மீனவர்களுக்கு நெடுநாள் மனக்குறை உண்டு என்பதையும் வருகின்றவர்கள் அறிந்திருக்க வேண்டும். அதே சோளகம் மன்னார்ப் பக்கத்தில் மணலை அள்ளி முகத்தில் வீசும். மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் கொண்ட ‘தம்பபவனி’ மின்னிலையத்தை 2020 டிசெம்பரில் திறந்தார்கள் என்றால், அங்கே வீசும் காற்றின் பலத்தை நீங்களே கணித்துக்கொள்ளலாம். எனவே ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வருகின்ற குடும்பங்களுக்கு நான் கிழக்குக் கரையையே சொல்வேன்.

என்னிடம் தெரிவை விட்டுவிட்டால் மாசியின் பிற்பகுதியையும் பங்குனியையும் சொல்வேன். மழை ஓய்ந்து, முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, இரணைமடுக் குளங்கள் தளும்பி நிற்க, பெரும்போக நெல் அறுவடையாகிக்கொண்டிருக்கும் காலம் அது. வீதியோரத்தில் நெல் காயவைத்திருப்பார்கள். வாகனம் ஓட்டுகின்றவர் அதன் மேல் ஏற்றாமல் விலகிப் போக வேண்டும். பறவைகளைப் பார்க்க விரும்புகின்றவர்களுக்கும் இதுவே நல்ல நேரம். வலசை வந்த பறவைகள் முழுவதும் திரும்பிப் போயிருக்காது. 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளத்தின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டமாக இறங்குவதைக் காண அதிகாலையிலேயே புறப்பட வேண்டும். வெயில் ஏறிய பிறகு கானல்தான் தெரியும், பறவை தெரியாது. கடல் அப்போது முற்றாக அடங்கியிராது என்பது மட்டும் குறை.

வைகாசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2009 மே 18 இல் முடிந்த போரின் இறுதி நாட்களில், மாத்தளனுக்கும் வட்டுவாகலுக்கும் இடைப்பட்ட இந்த மணற்றிடலில்தான் எங்கள் சனங்கள் அடைபட்டுக் கிடந்தார்கள், ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் மே நடுப்பகுதியில் ஊர் ஊராகக் கஞ்சி காய்ச்சிப் பகிர்வதும், 18 ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் சுடரேற்றுவதும் நடக்கின்றன. அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் இட்ட அந்தக் கஞ்சி, அந்த நாட்களில் கிடைத்த ஒரே உணவை நினைவுபடுத்துவது. அந்த வாரத்தில் கடலில் குளித்துப் பாட்டுப் போட்டுக் கொண்டாடும் எண்ணத்தோடு வருவது சரியல்ல. நினைவேந்தலில் கலந்துகொள்ள விரும்பி வருகின்றவர்களுக்கோ எந்த வீட்டு வாசலிலும் இடம் உண்டு. டிசெம்பர் 26 உம் அப்படித்தான். 2004 ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரின் கரையோரத்தைத் துடைத்துக்கொண்டு போனது. அன்று காலை கடற்கரையில் விளக்கேற்ற வருகின்ற குடும்பங்களுக்கு அந்தக் கரையை விட்டுக்கொடுங்கள்.

வைகாசியின் மறுபக்கம் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையில் நடக்கின்ற இப்பொங்கலுக்கு முன்னதாக, சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலிருந்து கடல்நீரை எடுத்துவந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரித்து, பொங்கலன்று நந்திக்கடல் என்கின்ற களப்பின் ஓரத்து அம்மன் சந்நிதிக்குக் கொண்டுசெல்வார்கள். தீர்த்தம் எடுத்து வருகின்ற பாதையில் வீடுதோறும் நிறைகுடம் வைத்திருக்கும். பறையொலி கேட்டதும் சமையலை விட்டுவிட்டு எல்லோரும் படலைக்கு ஓடி வருவார்கள். நான் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து பார்க்கின்ற காட்சி இது; இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அதிகம் ஏங்கியதும் இதற்காகத்தான். பொங்கல் இரவில் நந்திக்கடற்கரை முழுவதும் சனமாக இருக்கும், கச்சான் (நிலக்கடலை) கடைகளின் விளக்குகள் வரிசையாக எரியும். அந்த வாரத்துக்கு வருவதென்றால் தங்குமிடத்தைச் சித்திரைக்கு முன்பே உறுதிசெய்துவிடுங்கள். பின்னர் கேட்டால் உறவினர் வீட்டுத் திண்ணையும் நிரம்பியிருக்கும்.

பயணத்துக்கு வருவோம். கொழும்புக் கோட்டையிலிருந்து வருகின்ற புகையிரதத்தில் மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ இறங்கலாம். போரில் அழிந்த பாதை கிளிநொச்சி வரை 2013 செப்டெம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. எல்லா வண்டிகளும் மாங்குளத்தில் நிற்பதில்லை என்பதால் சீட்டு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக வந்தாலும் கிட்டத்தட்ட அதே தூரம். பரந்தன் வீதியில் வந்தால் நந்திக்கடலின் வாய்க்கருகே வட்டுவாகல் பாலத்தைக் கடக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய, கைப்பிடிச் சுவர் இல்லாத, நீர்மட்டத்தோடு கிடக்கின்ற பழைய பாலம் அது. மாரியில் வெள்ளம் மேவிப் பாயும். புதிய பாலத்துக்கான பணியை 2025 இல் தொடங்கிவைத்தார்கள். மாரி மாதங்களில் மாங்குளம் வழியே வருவதுதான் நல்லது.

தங்குமிடத்தைப் பற்றி இனிச் சொல்லலாம். முல்லைத்தீவு நகரிலும் அதைச் சுற்றியும் சிறு விடுதிகள் உள்ளன. பெரிய கடற்கரை உல்லாச விடுதிகளை எதிர்பார்த்து வர வேண்டாம். கரையின் நல்ல இடங்கள் சிலவற்றில் படைத்தரப்பு நடத்தும் தங்குமிடங்களும் சிற்றுண்டிச்சாலைகளும் இருக்கின்றன. என் உறவினர்களுக்கு நான் அவற்றைச் சொல்வதில்லை. படையினரிடமிருந்து தங்கள் காணி இன்னும் முழுதாகத் திரும்பிவராமல் காத்திருக்கின்ற குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் இருக்கும்போது, நீங்கள் செலவழிக்கின்ற பணம் அந்த ஊர்ச் சனங்களின் கைக்குப் போக வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ஊருக்குள் அறை வாடகைக்கு விடுகின்ற வீடுகள் உண்டு, உணவு சமைத்துக் கொடுக்கின்ற பெண்கள் உண்டு, போரில் கணவரை இழந்து இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் பலர். அவர்களில் ஒருவரிடம் மூன்று வேளைச் சாப்பாட்டை ஒப்படைத்தால், அந்த வாரம் அந்த வீட்டுக்கு நல்ல வாரம். உங்களுக்கோ எந்த விடுதியிலும் கிடைக்காத சாப்பாடு.

அறையைப் பார்க்கும்போது குளிர்சாதனத்தை மட்டும் கேட்காமல் தண்ணீரைக் கேளுங்கள். கரையோரக் கிணறுகள் சிலவற்றில் நீர் சவர்த்தன்மையாக இருக்கும், அடுத்த வளவிலேயே நன்னீர் ஊறும். கோடையில் கிணறு வற்றுமா, குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது, நுளம்பு வலை உண்டா என்பவற்றை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். வன்னி என்றாலே மலேரியா என்று அஞ்சுகின்ற தலைமுறையினர் வெளிநாடுகளில் இன்னும் இருக்கிறார்கள். இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு அறிவித்துவிட்டது. டெங்கு இருக்கிறது, ஆகவே வலை தேவை. அவசரத்துக்கு மாஞ்சோலையில் மாவட்டப் பொது வைத்தியசாலை உள்ளது. கையில் காசு வைத்திருங்கள். கரையோரக் கடைகளில் வங்கி அட்டை செல்லாது.

கடற்கரைக்குக் காலையில் போக வேண்டும், அதுவும் கரைவலை இழுக்கின்ற நாளில். அளம்பிலிலோ செம்மலையிலோ விடிகின்ற நேரத்தில் நின்றால், வள்ளம் வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் வளைந்து போய், வலையை இறக்கி, மறுகயிற்றைத் தொலைவில் வேறோர் இடத்தில் கரைசேர்ப்பதைப் பார்க்கலாம். பிறகு இரு பக்கமும் ஆட்கள் இடுப்பைச் சாய்த்து, குதியை மணலில் ஊன்றி, ஒரே தாளத்தில் பின்னோக்கி நடந்தபடி இழுப்பார்கள். கயிற்றின் கடைசியில் நிற்கின்றவர் இழுத்துவந்த கயிற்றை வளையமாகச் சுருட்டிவிட்டு மீண்டும் தண்ணீரோரம் ஓடிவந்து முதலாவது ஆளாகப் பிடிப்பார். சில இடங்களில் இப்போது உழவு இயந்திரத்தால் இழுக்கிறார்கள்; அங்கே இந்தத் தாளம் இல்லை. இரண்டு குழுவும் மெல்ல மெல்ல நெருங்கி வரும். வலையின் பை போன்ற மடி தெரிகின்ற நேரத்தில் பெரியவர் ஒருவர் நீருக்குள் நின்று, வலையின் அடிப்பக்கம் மணலை விட்டு எழும்பாதபடி காலால் மிதித்துக்கொண்டு குரல் கொடுப்பார். மடி கரையேறியதும் சூடை, கீரி, காரல், நெத்தலி மீன்கள் துள்ள, நடுவில் ஒரு பாரை கிடந்தால் சிறுவர்கள் கூச்சலிடுவார்கள். சில நாட்களில் சருகும் சொறி என்கின்ற ஜெலிமீனும்தான் வரும். அப்படி வெறும் மடி வந்தாலும், இழுத்தவர்கள் வலையைக் கழுவி மடித்துவைத்துவிட்டுத்தான் தேநீருக்குப் போவார்கள்.

அங்கே நிற்கின்றபோது கயிற்றைத் தாண்டி நடக்காதீர்கள். காயவைத்த கருவாட்டின் மேல் மணல் தெறிக்க ஓடவும் வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். கேட்டுவிட்டுக் கயிற்றில் கை போட்டால் எவரும் மறுக்கமாட்டார்கள். கனடாவிலிருந்து வந்த என் மருமகனின் பிள்ளைகள் இழுத்து முடித்தபோது, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அவர்களுக்கும் ஒரு கூறு மீன் வைத்துக் கொடுத்தார். காசு நீட்டியபோது, “இழுத்த கைக்குப் பங்கு குடுக்கிறதுதான் முறை ரீச்சர், கொண்டுபோய்க் காய்ச்சுங்கோ” என்றார். மீன் வாங்க வேண்டுமானால் ஏலம் முடிகின்ற வரை காத்திருந்து வாங்குங்கள். வியாபாரிகளுக்கு நடுவே புகுந்து விலை பேசினால் அவர்களுடைய நாள் கணக்குக் கெட்டுவிடும்.

குளிப்பதைப் பற்றி மிகக் கவனமாகச் சொல்கிறேன். இது உயிர்காப்பாளர்கள் அமர்ந்திருக்கின்ற கடற்கரை அல்ல. முல்லைத்தீவுக் கரையின் பல இடங்களில் சில அடிகளிலேயே ஆழம் விழுகிறது, அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கிறது. அமைதியாகத் தெரிகின்ற நாளிலும் உயிர்கள் போயிருக்கின்றன. அவர்களுள் பெரும்பாலானோர் வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள். ஒவ்வொரு கிராமத்திலும் எங்கே இறங்கலாம், எங்கே சுழி இருக்கிறது என்பதை வாடியில் இருக்கின்றவர்கள் அறிவார்கள். “உந்தப் பக்கம் இறங்காதேங்கோ பிள்ளையள், முகத்துவாரத்துத் தண்ணி இழுக்கும்” என்று ஒருவர் சொன்னால் வாதாடாமல் கேளுங்கள். நாயாற்றிலும் கொக்கிளாயிலும் வட்டுவாகலிலும் களப்பு நீர் கடலோடு சேர்கின்ற வாய்களில் ஒருபோதும் இறங்க வேண்டாம். கோடையில் அந்த வாயை மணல் மூடியிருக்கும். மாரியில் வெள்ளம் உடைத்துக்கொண்டோ, ஊரார் வெட்டிவிட்டோ திறந்திருக்கும். சென்ற ஆண்டு நடந்து கடந்த இடம் இவ்வாண்டு ஆறாக இருக்கலாம்.

சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு நந்திக்கடல் மாலைநேரத்துக்கு ஏற்ற இடம். ஆழமற்ற களப்பு அது. வீச்சுவலையோடு ஆட்கள் இடுப்பளவு நீரில் நின்று இறால் பிடிப்பதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். நந்திக்கடல் இறாலின் சுவைக்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியாது. தேங்காய்ப்பால் விட்டு, முருங்கையிலையைக் கடைசியில் தூவி இறக்கும் குழம்பைச் சாப்பிட்டவர்கள் அடுத்த தொலைபேசி அழைப்பிலும் அதையே பேசுவார்கள். 2017 இல் இந்தக் களப்பை இயற்கை ஒதுக்கமாக அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே தொழில் செய்தவர்களின் உரிமை அந்த எல்லைக்கோட்டினால் குறுகிவிடுமோ என்ற அச்சம் ஊரில் இருக்கிறது. களப்பைப் பற்றிக் கேட்டால் அவர்கள் அதையும் சொல்வார்கள், பொறுமையாகக் கேளுங்கள்.

முள்ளிவாய்க்காலுக்கும் மாத்தளனுக்கும் போகாமல் இந்தக் கரையின் விடுமுறை இல்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் எப்படிப் போவது என்பதை வீட்டிலிருந்து புறப்படும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். போர் முடிந்த சில ஆண்டுகளில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து, எரிந்த வாகனங்களின் மேலும் கரையொதுங்கிய கப்பலின் முன்னும் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தறப்பாள் கூரையின் கீழ் இருந்து நாங்கள் அதைப் பார்த்தோம். நீங்கள் அப்படி வர வேண்டாம். அந்த மணலில் நடக்கும்போது காலில் தட்டுப்படுகின்ற துணித்துண்டும் செருப்பும் பாத்திரமும் ஒருவருடையவை. எதையும் எடுக்காதீர்கள், நினைவுப் பொருளாகக் கொண்டுபோகவும் வேண்டாம். ஊரில் ஒருவரோடு போங்கள். அவர் பேச விரும்பினால் பேசட்டும், விரும்பாவிட்டால் கேள்வி கேட்க வேண்டாம். முகாம்களுக்கு அருகே படம் எடுக்கக் கூடாது. ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இருக்கின்ற இடத்தில் மிதிவெடி அகற்றும் பணி முடியவில்லை என்று பொருள். பலகை இல்லாத காட்டுக்குள்ளும் நடந்து பழகிய பாதையை விட்டு இறங்காதீர்கள்.

வெயில் மிகுந்த ஒரு நாளைக் கடலை விட்டு உள்நாட்டுக்கு ஒதுக்குவது நல்லது. தண்ணீரூற்றில் ஊற்றங்கரைப் பிள்ளையாரையும் ஊற்றையும் பார்த்துவிட்டு, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, கற்சிலைமடுவில் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனின் நினைவிடத்தில் நின்று போகலாம். 1803 ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய வன்னியனை, அதே ஆண்டு ஒக்ரோபர் 31 இல் ஆங்கிலேயரின் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை தோற்கடித்ததென்று வென்றவர்களே நட்ட கல் அது. வென்றவர் பெயரைச் சொல்ல நட்ட கல்லில் தோற்றவரைத் தேடி இன்றும் சனம் வருகிறது என்பதை என் மாணவர்களுக்கு அங்கே வைத்தே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வைகாசி, ஆனியில் வந்தால் வீதியோரத்தில் பாலைப்பழம் விற்பார்கள். விரலும் உதடும் பிசுபிசுவென்று ஒட்டும், பிள்ளைகள் விடமாட்டார்கள். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் பொழுது சாயும் வரை இருக்க ஆசை வரும். ஆனால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து வீதிகளில் இருட்டிய பின் யானை கடக்கும் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

மாரி முடிகின்ற தையிலும் மாசியிலும் மட்டுமே வர முடியும், கடல்நீரில் குளிப்பது முக்கியமில்லை என்கின்றவர்களுக்கு மன்னார்க் கரை மிகவும் ஏற்றது. வங்காலையில் பூநாரைகளும் வாத்துகளும் நிறைந்திருக்கும். 2010 இல் அது, ஈரநிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கையான ராம்சார் சாசனத்தின் கீழ் சேர்க்கப்பட்ட ஈரநிலம். திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் கால் நனைத்து, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய ஈசனைத் தொழுது, பள்ளிமுனைப் பெருக்கமரத்தைச் சுற்றிவந்து, மாலையில் தலைமன்னார்ப் பழைய இறங்குதுறைக்குப் போகலாம். 1914 இல் தொடங்கி 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை இந்தியாவிலிருந்து வந்த கப்பல் அங்கேதான் வந்து நின்றது. தெற்கே அரிப்பில், முத்துக்குளிப்பை மேற்பார்வையிட ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801 க்கும் 1804 க்கும் இடையில் கட்டுவித்த மாளிகையை ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். கடல் அரித்து அரித்து அதன் சுவர்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. அதைப் பார்க்க விரும்புகின்றவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

நாட்கணக்கு என்று கேட்டால், கிழக்குக் கரைக்கு நான்கு இரவுகள் போதும் என்பது என் கருத்து. வந்திறங்குகின்ற நாளில் எங்கும் போகாமல் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள், மறுநாள் விடியலில் கரைவலை, ஒரு பகல் முள்ளிவாய்க்காலும் நந்திக்கடலும், ஒரு பகல் காட்டுப் பக்கம், கடைசிப் பகலை நாயாறும் கொக்கிளாயும் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். வாகனத்தை ஊரிலேயே பிடியுங்கள். முச்சக்கரவண்டி ஓட்டுகின்றவர் எந்த வீதியில் வெள்ளம் நிற்கிறது, எந்தக் கரையில் இன்று வலை போட்டிருக்கிறார்கள் என்பதை முதல் நாள் இரவே தெரிந்துவைத்திருப்பார். சமைக்கின்ற வீட்டுக்கு எத்தனை பேர் என்பதை முந்திய மாலையே சொல்லிவிடுங்கள், நண்டும் கணவாயும் காலை ஏலத்தில் வாங்கினால்தான் உண்டு. சைவக்காரர் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமையில் பல வீடுகளில் மீன் சமைக்கமாட்டார்கள், அன்றைக்குப் பருப்பும் பூசணியும் வாழைக்காய்ப் பொரியலும் அப்பளமும்தான்; கடலுணவுக்கென்றே வருகின்றவர்கள் தங்கள் நாட்களை அதற்கேற்றபடி அமைத்துக்கொள்ளலாம். திரும்பும்போது கருவாடு வாங்குவதென்றால் புறப்படுவதற்கு முந்திய நாளே வாங்கி, இன்னொரு வெயில் காயவைத்து, கடதாசியில் சுற்றி மூடியுள்ள தகரத்தில் போடுங்கள். புகையிரதப் பெட்டியில் பக்கத்தில் இருக்கின்றவர்களுக்கு மணக்காது, கொழும்பு போய்ச் சேரும்வரை பழுதாகாமலும் இருக்கும்.